முனியாண்டி சாட்சி சொல்வாரா?

பேயும் துப்பறிவாளரும் ஒரே கதைக்குள் வந்தால் என்ன ஆகும்? மலேசியாவின் கெடா மாநிலத் தோட்டங்களிலும் சிறு நகரங்களிலும் அதற்கான கதைகள் எப்போதோ தொடங்கிவிட்டன.

கெடாவின் மிகப் பழைய விசாரணை ஒரு கீரைக் குழம்பில் தொடங்குகிறது. அரசனுக்குச் சமைக்கும்போது சமையல்காரிக்கு விரலில் வெட்டுப் பட்டுவிடுகிறது. சொட்டிய ரத்தம் குழம்பில் விழுகிறது. மறுபடி சமைக்க நேரமில்லை. அப்படியே பரிமாறிவிடுகிறாள். அரசனோ வாழ்நாளில் இப்படியொரு கீரையைத் தின்றதில்லை. இதில் என்ன போட்டாய் என்று அழைத்துக் கேட்கிறான். ஒன்றுமில்லை என்கிறாள். அவன் விடவில்லை. குடைகிறான், மிரட்டுகிறான். உயிருக்குப் பயந்து அவள் உண்மையைச் சொல்லிவிடுகிறாள்.

பிறகு நடந்தது கெடாவில் பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். மரண தண்டனைக் கைதிகளின் ரத்தம் அரண்மனைச் சமையலறைக்குப் போனது. கைதிகள் தீர்ந்ததும் குற்றமற்றவர்களின் முறை வந்தது. அரசனின் வாயில் கோரைப்பற்கள் முளைத்தன. மந்திரிகள் திரண்டு எழ, அவன் காட்டுக்குள் ஓடினான். ஓடும் வழியில் பாலிங்கில் தன் கோரைப்பல்லைப் பிடுங்கி எறிந்தான் என்பார்கள். இவன்தான் ராஜா பெர்சியோங். கெடா அரச வம்சத்தின் பழங்கதையான 'ஹிகாயத் மெரோங் மகாவங்சா'வில் வருகிறான். அதை ஜேம்ஸ் லோ என்ற ஆங்கில அதிகாரி 1849இல் மொழிபெயர்த்து வெளியிட்டார். கெடா அரச குடும்பத்துப் பிள்ளையும் நாட்டின் முதல் பிரதமருமான துங்கு அப்துல் ரஹ்மானுக்கும் இந்தக் கதையில் அப்படி ஒரு மோகம். அவர் எழுதிய கதையை வைத்து 1960களில் படமே வந்தது. பிரதமர் நாற்காலியில் இருந்துகொண்டு ரத்தம் குடிக்கும் அரசனுக்குக் கதை எழுதியவர் வேறு எந்த நாட்டில் இருந்திருப்பார்?

இதில் என்னைப் பிடித்து நிறுத்துவது கோரைப்பல் இல்லை, விசாரணைதான். துப்பறியும் கதை என்றால் உண்மை வெளியே வரும், வந்ததும் ஊர் நிம்மதியாகும். இங்கே உண்மை வெளியே வந்த நொடியில்தான் கேடு தொடங்குகிறது. கேள்வி கேட்டவனே குற்றவாளி ஆகிறான். மர்மக் கதையின் எலும்பும் மாயக் கதையின் சதையும் சேர்ந்த ஓர் உடம்பு இது. இன்று உலகம் முழுக்க விற்பனையில் பறக்கும் நாவல் வகைக்கு நம் கொல்லைப்புறத்திலேயே ஒரு பாட்டன் இருந்திருக்கிறான்.

பாதிரியார் போட்ட தடை

2025இல் சிறந்த நாவலுக்கான ஹியூகோ விருதைப் பெற்றது ராபர்ட் ஜாக்சன் பென்னட்டின் 'தி டெயின்டட் கப்'. ஓர் அதிகாரியின் உடம்புக்குள்ளிருந்து ஒரு மரம் வெடித்து வளர்ந்து அவரைக் கொன்றுவிடுகிறது. அதை விசாரிப்பவர் கண்ணைக் கட்டிக்கொண்டு வாழும் ஒரு பெண்மணி. பார்த்ததை எதையும் மறக்காத இளைஞன் ஒருவன் அவருக்கு உதவியாளன். உலகம் கற்பனை, உயிரினங்கள் கற்பனை. ஆனால் கேள்வி பழைய கேள்வி: யார் செய்தது, எப்படிச் செய்தது, ஏன்?

இந்தக் கலப்புத் திருமணத்தைத் துப்பறியும் கதையின் பெரியவர்கள் ஒருகாலத்தில் ஒப்புக்கொள்ளவே இல்லை. 1929இல் ரொனால்ட் நாக்ஸ் துப்பறியும் கதைக்குப் பத்துக் கட்டளைகள் எழுதினார். அமானுஷ்யம் எதுவும் கதைக்குள் வரவே கூடாது என்பது அவற்றில் ஒன்று. எழுதியவர் கத்தோலிக்கப் பாதிரியார் என்பதுதான் வேடிக்கை. கோயிலில் அற்புதத்தை நம்பியவர், கதையில் அதற்குக் கதவடைத்தார். காரணம் நியாயமானது. பூட்டிய அறைக்குள் கொலை நடந்திருக்கிறது என்று இருநூறு பக்கம் வாசகனை அலையவிட்டு, கடைசியில் பேய் சுவரைத் தாண்டிப் போனது என்றால் புத்தகத்தை வீசி எறியத்தான் தோன்றும்.

இந்தத் தடையைத் தாண்ட எழுத்தாளர்கள் கண்டுபிடித்த வழிகளில் மிகப் பழையது பேயைக் கடைசியில் அவிழ்த்துவிடுவது. கானன் டாயிலின் 'பாஸ்கர்வில் வேட்டைநாய்' அப்படிப்பட்டது. ஊரே நரகத்து நாய் என்று நடுங்கும். ஹோம்ஸ் அதன் வாயில் பூசிய ஒளிரும் ரசாயனத்தைக் காட்டிக் கொடுப்பார். இன்னொரு வழியை 1964இல் ராண்டல் காரெட் தொடங்கிய லார்ட் டார்சி கதைகளில் பார்க்கலாம். அங்கே மந்திரம் உண்மை. அதற்குச் சட்டம் உண்டு, உரிமம் உண்டு, எதைச் செய்ய முடியும் எதைச் செய்ய முடியாது என்ற வரம்பு உண்டு. ரசாயனப் பரிசோதனைக் கூடம் செய்யும் வேலையை உரிமம் பெற்ற மந்திரவாதி செய்வார். வரம்பு வாசகனுக்கு முன்கூட்டியே தெரிவதால் அவனும் கூடவே துப்பறியலாம். லண்டன் காவல்துறையில் பேய்களையும் நதித் தெய்வங்களையும் விசாரிக்கத் தனிப் பிரிவு வைத்த பென் ஆரோனோவிச்சின் நாவல்கள், 2011 முதல், இதே பாதையில் நடப்பவை. ஹாரி பாட்டர் வரிசையையும் மந்திரக்கோலை எடுத்துவிட்டு ஒருமுறை வாசித்துப் பாருங்கள். பெரும்பாலான பாகங்கள் பள்ளிக்கூடத்துக்குள் நடக்கும் துப்பறியும் கதைகள்தான்.

பரல் தெறித்த நீதிமன்றம்

தமிழுக்கு இது புதிதா என்று கேட்டால், பாண்டியன் அவைக்குத்தான் போக வேண்டும். சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையில் நடப்பது அச்சு அசலான தடயப் பரிசோதனை. அரசியின் சிலம்பில் முத்து. கண்ணகியின் சிலம்பில் மாணிக்கம். உடைத்தால் தெரிந்துவிடும். உடைக்கிறாள், தெரிந்துவிடுகிறது. பொற்கொல்லன் சொன்ன பொய்யை ஒரு பரல் அம்பலப்படுத்துகிறது. அரசன் செய்யாத விசாரணையைத் தாலியறுத்தவள் வந்து செய்கிறாள். அதற்குப் பிறகுதான் மதுரை எரிகிறது. இளங்கோ தடயத்தை முன்னால் வைத்துத் தீயைப் பின்னால் வைத்தார். வரிசையை மாற்றியிருந்தால் கண்ணகி வெறும் சூனியக்காரியாகப் போயிருப்பாள்.

கெடாவுக்கும் ஒரு கண்ணகி உண்டு. லங்காவியின் மசூரி. கணவன் போருக்குப் போயிருந்த நேரத்தில், ஊருக்கு வந்த நாடோடிக் கலைஞன் ஒருவனோடு சேர்த்து அவள்மீது பழி சுமத்தினார்கள். விசாரணை இல்லை, தடயம் இல்லை, சாட்சி என்று சொல்ல ஒருவரும் இல்லை. தலைவன் மனைவியின் பொறாமை ஒன்றே வழக்கு. மரத்தில் கட்டிக் குத்தினார்கள். வெள்ளை ரத்தம் வழிந்தது, ஏழு தலைமுறைக்கு இந்தத் தீவு உருப்படாது என்று சாபமிட்டாள் என்கிறது கதை. 1821இல் சயாம் படை கெடாவுக்குள் புகுந்தது, லங்காவியும் அழிந்தது. எரிந்த அரிசி என்று பாடாங் மாட்சிராட்டில் இன்றும் ஓர் இடத்தைக் காட்டுகிறார்கள். சுற்றுலாப் பயணிகள் படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

இரண்டு கதைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று புலப்படும். விசாரணை நடக்காத இடத்தில்தான் மாயம் நுழைகிறது. மதுரையில் விசாரணை தாமதமாக நடந்தது, தீ வந்தது. லங்காவியில் நடக்கவே இல்லை. ஏழு தலைமுறைச் சாபம் வந்தது. கெடாவின் ரப்பர் தோட்டங்களில் பேய்கள் அத்தனை அடர்த்தியாக வாழ்ந்ததற்கும் இதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

பெரட்டுக்கு வராத ஆள்

தோட்டத்தில் பிறந்த யாரையாவது கேளுங்கள். எந்த நிரையில் எந்த மரத்தடியில் யார் நிற்பார் என்று சொல்வார்கள். ஆற்றங்கரை மூங்கில் புதரில் ஒருத்தி. பழைய ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஒருவன். ஸ்டோருக்குப் போகும் மண்சாலையில் தலையில்லாத ஒரு வெள்ளைக்காரத் துரை. காட்டின் எல்லையில் காவல் தெய்வம் முனியாண்டி, சுருட்டும் சாராயமும் வாங்கிக்கொண்டு எல்லாரையும் பார்த்தபடி. விடியற்காலை இருட்டில் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால்மரம் வெட்டப் போகிறவர்களுக்கு இவர்கள் கதாபாத்திரங்கள் இல்லை, வழியில் பார்க்கும் அண்டை வீட்டார்.

இந்தப் பேய்களில் ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு சாவு இருக்கிறது. அந்தச் சாவுக்குப் பின்னால் யாரும் கேட்காத ஒரு கேள்வி இருக்கிறது. மூங்கில் புதரில் நிற்பவள் ஏன் ஆற்றில் விழுந்தாள்? கங்காணிக்கும் அவளுக்கும் என்ன? காய்ச்சலில் செத்தான் என்று கிராணி எழுதினாரே, அவன் முதுகில் இருந்த காயம் எந்தக் காய்ச்சலால் வந்தது? தோட்டம் தனி நாடு. காவல் நிலையம் எங்கோ இருந்தது. துரையின் கையெழுத்தே தீர்ப்பு. பெரட்டில், அதாவது காலை ஆள் கணக்கெடுப்பில், பெயர் கூப்பிட்டபோது ஆள் வராவிட்டால் அன்றைய கூலி போனது, அவ்வளவுதான். அவன் எங்கே போனான் என்பதை லயத்துப் பெண்கள் இரவில் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். அந்தப் பேச்சில்தான் பேய் பிறந்தது.

1942, 1943இல் ஜப்பானியர் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட்டபோது மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்களைக் கொண்டுபோனார்கள். திரும்பாதவர்களுக்குக் கல்லறை இல்லை. கருமாதி எந்த நாளில் செய்வது என்று வீட்டாருக்குத் தெரியாது. சுங்கை பட்டாணியைச் சேர்ந்த கோ. புண்ணியவான் இந்த மரண ரயிலை 'கையறு' நாவலில் எழுதினார். அது பேய்க் கதை இல்லை. ஆனால் செத்த தேதி தெரியாத மனிதனை ஒரு குடும்பம் எப்படிச் சுமக்கும் என்பதை யோசித்தவருக்கு, தோட்டத்துப் பேய்கள் ஏன் பெரும்பாலும் யாரையாவது பெயர் சொல்லிக் கூப்பிடுகின்றன என்பது விளங்கும்.

லுனாஸில் பிறந்த ம. நவீனின் 'பேய்ச்சி' இந்த இடத்துக்கு இன்னும் நெருங்கி வருகிறது. 1981இல் லுனாஸில் விஷச் சாராயம் குடித்துப் பலர் செத்தார்கள். அந்தச் சாவுகளைப் பின்னணியில் வைத்து, தமிழகத்திலிருந்து வந்து தோட்டத்தில் குடியேறிய ஒரு தாய்த்தெய்வத்தின் உக்கிரத்தை நாவல் பின்தொடர்கிறது. பூதக்கண்ணாடியும் கைரேகையும் இதில் கிடையாது. குற்றம், தெய்வம், பழி ஆகிய மூன்றும் ஒரே கயிறாகத் திரிந்திருக்கின்றன. 2020 டிசம்பரில் உள்துறை அமைச்சு நாவலைத் தடை செய்தது. ஆபாசம் என்பது சொல்லப்பட்ட காரணம். ஒரு தமிழ் நாவலைப் பற்றி நாளேடுகள் அத்தனை நாள் எழுதியது அந்த ஒருமுறையாகத்தான் இருக்கும், அதுவும் நாவலை வாசிக்காமல்.

பத்து வயது வாசகர்கள்

பெரியவர்கள் தயங்கிய இடத்தில் துணிச்சலாகக் காலை வைத்தது சிறுவர் நாவல். சுங்கை பட்டாணிக்காரரான கே. பாலமுருகன் ஆசிரியர், சிறுகதைக்காரர். அவர் எழுதிய சிறுவர் மர்ம நாவல்களின் பெயர்களைப் பாருங்கள்: 'மர்மக் குகையும் ஓநாய் மனிதர்களும்', 'மோகினி மலையின் இரகசியம்', 'பதிமூன்றாவது மாடியும் இரகசியக் குறிப்புகளும்'. ஒவ்வொன்றிலும் பாதி மாயம், பாதி துப்பு. குகை, மலை, மாடி என்று இடம் மாறுவதும் தற்செயல் இல்லை என்று தோன்றுகிறது. லயத்து வீட்டில் பிறந்த தலைமுறையின் பேரப் பிள்ளைகள் இன்று தாமான் வீடுகளிலும் அடுக்கு மாடிகளிலும் வளர்கிறார்கள். செம்பனைக்காக மரங்களை வெட்டித் தள்ளியபோது பேய்களும் மின்தூக்கியில் ஏறித்தானே ஆக வேண்டும்.

இவை வெளிவரத் தொடங்கிய காலத்தை நினைவில் வைக்க வேண்டும். தமிழ்ப்பள்ளிப் பிள்ளைக்குத் தமிழ்ப் புத்தகம் என்றால் அது யூ.பி.எஸ்.ஆர். தேர்வுக்கான பயிற்சி நூல்தான். கட்டுரைக்கு முன்னுரை எழுதுவது எப்படி, பழமொழியை எங்கே நுழைப்பது என்பதே அப்போது வாசிப்பு. 2021இல் அந்தத் தேர்வே ஒழிந்தது. நாட்டில் ஐந்நூற்றுக்கு மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருந்தும், மதிப்பெண் தராத ஒரு தமிழ் நாவலைப் பிள்ளை தானாகக் கேட்டு வாங்குவது அரிது. அந்த அரிதைச் செய்ய வைக்கும் வலு இந்தக் கலவைக்கு உண்டு. பயம் பிள்ளையைப் பக்கத்தைப் புரட்ட வைக்கும். புதிர் அவனை முன்பக்கத்துக்குத் திருப்பி அனுப்பும். நல்லொழுக்கக் கதைகளுக்கு இந்த இரண்டாவது வேலை தெரியவே தெரியாது.

விடாது கருப்பு, விடாத பழக்கம்

பெரியவர்களின் வாசிப்பைப் பொறுத்தவரை கெடாவுக்குச் சரக்கு தமிழகத்திலிருந்துதான் வந்தது. துப்பறிவாளர் சங்கர்லாலின் தேநீரும், ராஜேஷ்குமார், சுபா, பட்டுக்கோட்டை பிரபாகரின் மாத நாவல்களும் சுங்கை பட்டாணி, கூலிம் கடைகளில் தொங்கின. சாண்டில்யனின் 'கடல் புறா' வேறு விதத்தில் நெருக்கமானது. இளைய பல்லவன் கருணாகரத் தொண்டைமான் இன்றைய கெடாவான கடாரத்து இளவரசி காஞ்சனாதேவிக்காகக் கடல் தாண்டுகிறான். ஒற்றர்களும் மாறுவேடமும் சதியும் பக்கத்துக்குப் பக்கம். பீடோங்கில் உட்கார்ந்து அதை வாசித்தவர், கதை நடக்கும் மண்ணில் தான் உட்கார்ந்திருக்கிறோம் என்பதை உணர்ந்தாரா என்பது தனிக் கேள்வி. சாண்டில்யனின் கடாரத்தில் அரண்மனை உண்டு. ரப்பர் மரம் மருந்துக்கும் கிடையாது.

மாயத்தையும் மர்மத்தையும் தமிழில் ஒன்றாகக் குழைத்தவர் இந்திரா சௌந்தர்ராஜன். 1990களில் வந்த 'மர்ம தேசம்' தொடரின் 'விடாது கருப்பு' பகுதியை மலேசியத் தமிழர்கள் வீடியோ நாடாவில் வாங்கியும் இரவல் பெற்றும் பார்த்தார்கள். கிராமத்தில் தப்புச் செய்தவர்களைக் கருப்பசாமி குதிரையில் வந்து தண்டிக்கிறார். நகரத்திலிருந்து வந்தவர்கள் காரணம் தேடுகிறார்கள். முடிவில் மனநோய் என்ற அறிவியல் விளக்கம் வருகிறது. கூடவே சாமியும் இருக்கத்தான் செய்கிறார். 2024 நவம்பரில் அவர் காலமானபோது பலரும் முதலில் நினைத்தது அந்தக் குதிரைக் குளம்படியைத்தான்.

அவர்மீது எனக்கு மரியாதை உண்டு, ஒரு புகாரும் உண்டு. இரண்டு படகிலும் கால் வைக்கும் முடிவு முதல்முறை சிலிர்க்க வைக்கும். பத்தாவது முறை தப்பித்தல் போலத் தெரியும். கணேஷும் வசந்தும் பேயா விஞ்ஞானமா என்று வாதாடும் சுஜாதாவின் 'கொலையுதிர் காலம்' அந்தச் சந்தேகத்தையே கதையின் எந்திரமாக்கியது. அதன் பிறகு வந்த பலர் சந்தேகத்தை எந்திரமாக்காமல் அலங்காரமாக்கிவிட்டார்கள். பேய் பொய் என்றால் துணிந்து சொல்லட்டும். உண்மை என்றால் அதற்கு ஒரு சட்டம் வகுக்கட்டும். முனியாண்டி எல்லை தாண்டி வர மாட்டார், சுருட்டு வைத்தவனிடம் கடன்படுவார் என்று தோட்டத்துக் கிழவிகள் போட்டு வைத்த சட்டங்கள் காரெட்டின் மந்திரச் சட்டங்களைவிடக் கச்சிதமானவை. யாரும் அவற்றை எடுத்துப் பயன்படுத்தவில்லை என்பதே என் ஆதங்கம்.

பக்கத்து வீட்டுக்காரர்கள் பயன்படுத்துகிறார்கள். மலேசியச் சீனரான யாங்ஸி சூ ஆங்கிலத்தில் எழுதிய 'தி நைட் டைகர்' 1930களின் பேராக்கில் நடக்கிறது. செத்துப்போன டாக்டரின் வெட்டுப்பட்ட விரலை 49 நாளுக்குள் கண்டுபிடித்து அவர் உடலோடு சேர்க்க வேண்டும், வேலைக்காரச் சிறுவனுக்கு அதுதான் பொறுப்பு. இடையில் சாவுகள், மனிதனாக மாறும் புலியோ என்ற கிலி. அவரது முந்தைய நாவலான 'தி கோஸ்ட் பிரைட்' 2020இல் நெட்ஃபிளிக்ஸ் தொடராகவும் வந்தது. செத்தவனுக்கு மணப்பெண்ணாகக் கேட்கப்பட்ட ஒருத்தி, அவன் சாவைத் துப்பறியப் போகும் கதை. ஸென் சோவின் 'பிளாக் வாட்டர் சிஸ்டர்' பினாங்கில் நடக்கிறது, சுங்கை பட்டாணியிலிருந்து காரில் ஒரு மணி நேரத்துக்குள். செத்த பாட்டி பேத்தியின் தலைக்குள் குடியேறி, கோயில் நிலத்தை வளைக்கும் பணக்காரனோடு கணக்குத் தீர்க்கப் பார்க்கிறாள். கோயில், நிலம், வளைப்பு. இதைத் தமிழர்களுக்குத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

ஒரு வழக்கு காத்திருக்கிறது

கதை வேண்டும் என்று யாராவது கேட்டால் நான் மெர்போக் பக்கம் கை காட்டுவேன். பூஜாங் பள்ளத்தாக்கு. 1834இல் மாகடலோடி புத்தகுப்தனின் கல்வெட்டை இந்த வட்டாரத்துக்குத் தெற்கே கண்டெடுத்தவர், ராஜா பெர்சியோங்கை மொழிபெயர்த்த அதே ஜேம்ஸ் லோதான். 1936, 1937இல் தொல்லியலாளர் குவாரிச் வேல்ஸும் மனைவி டோரதியும் இங்கே சண்டி எனப்படும் பழங்கோயில் இடிபாடுகளை வரிசையாகத் தோண்டினார்கள். 1025இல் ராஜேந்திரன் வென்றதாகச் சொல்லும் கடாரம் இந்தக் கரைதான். அந்தச் சண்டிகளில் பதினோராம் எண் கொண்டது சுங்கை பத்து தோட்டத்துக்குள் இருந்தது. ஆயிரம் ஆண்டுக்கும் மேற்பட்டது. 2013 இறுதியில் நிலத்தைச் சமன் செய்தபோது இடித்துத் தள்ளினார்கள். செய்தி வெளியே வந்தபோது மண் மட்டுமே இருந்தது. நிலம் தனியாருடையது, சண்டி அரசாங்கப் பதிவேட்டில் முறையாகச் சேர்க்கப்படவில்லை, எங்களுக்குத் தெரியாது என்று ஆளுக்கொரு பதில்.

ஓர் உடல். ஓர் ஆயுதம், மஞ்சள் நிறத்தில், சங்கிலிச் சக்கரத்தோடு. சந்தேகத்துக்குரியவர்கள் ஒரு மேசையைச் சுற்றி உட்காரும் அளவு. நாவலுக்கு வேண்டியது எல்லாம் தயார். துப்பறிவாளராகப் பழைய தோட்டத்துக் கிராணியின் பேத்தி ஒருத்தியைப் போடலாம், நில அலுவலகத்தில் வேலை செய்பவளாக. கோப்புகள் அவள் கைக்கு எட்டும், பேசும் தைரியம் எட்டாது. சாட்சிகள் பின்வாங்குவார்கள். மிஞ்சுவது எல்லையில் கத்தியோடு நின்ற முனியாண்டி மட்டும். அன்றிரவு வந்து போன ஒவ்வொரு லாரியின் எண்ணும் அவருக்குத் தெரியும்.

அவரைக் கதைக்குள் விடலாம், இரண்டு நிபந்தனைகளோடு. பொய் சொல்லக் கூடாது. கேட்ட கேள்விக்கு மட்டுமே பதில் சொல்ல வேண்டும்.